ஓட்டையில் பேர் ஒட்டாது

மாதுங்காவில் இருக்கும் தென்னகக் கலாசார அபிவிருத்திச் சங்கத்தில் பேர் இல்லாத சாமான் கிடையாது. ட்யூப்லைட்டில் உபயதாரர் பேர் எழுதியிருக்கும். பேரைத் தாண்டி மிச்சமிருக்கிற வெளிச்சம் கீழே வரும். ஃபேனின் மூன்று இறக்கையிலும் ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறை சுற்றிக்கொண்டிருக்கும். தண்ணீர் ஃபில்டரில் இரண்டு சம்பந்திகள், ஆளுக்கு ஒரு குழாய். கழிப்பறைக் கதவுக்கு மட்டும் யாரும் பேர் கொடுக்க முன்வரவில்லை, அதனால் அதற்கு இன்னும் தாழ்ப்பாள் வரவில்லை. உள்ளே போகிறவர்கள் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். கலாசாரச் சங்கம் என்பதால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

நான் உமைரா. தாராவி. எங்கள் வீட்டில் காலேஜ் முடித்த முதல் ஆள். இதைச் சங்கத்தின் ஆண்டு மலரில் என் படத்தோடு போட்டிருந்தார்கள். படத்துக்குக் கீழே 'சங்கத்தால் பயன்பெற்ற தாராவிப் பெண்' என்று இருந்தது. அதே பக்கத்தில் ஒரு மைக் ஸ்டாண்டின் படம். அதற்குக் கீழே கொடுத்தவர் பேர், அவர் அப்பா பேர், பூர்விகம் பாலக்காட்டில் எந்தக் கிராமம் என்பது வரை இருந்தது.

சங்கத்தால் நான் அடைந்த பயன் மாடியில் ஒரு மூலை. அங்கே நல்ல இன்டர்நெட் லைன் இருந்தது. எங்கள் வீட்டுக்குக் கீழே தோல்பட்டறை. அவர்கள் பிரஸ் மெஷினைப் போட்டால் எங்களுக்குக் கரன்ட் போய்விடும். அதனால் என் கேமிங் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் அந்த மூலையில் வைத்தேன். செம்பூரில் கால் சென்டரில் ராத்திரி ராத்திரியாகக் கண்ட வெள்ளைக்காரனிடம் திட்டு வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர் அது. சங்கத்துக்கு அப்போது ஒரு கம்பெனி உதவித்தொகை தருவதாக இருந்தது, இளைஞர்களுக்கு ஏதாவது செய்தால். உடனே என் தலைக்கு மேலே 'இளைஞர் மின்விளையாட்டு மையம்' என்று போர்டு மாட்டினார்கள். மையம், மின்விளையாட்டு, இளைஞர் எல்லாம் நான் ஒருத்திதான். போர்டில் ஏழு பேர் பேர் இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நானும் ஜோயாவும் ஒரு ஜோடி. சுடுகிற விளையாட்டு. அவள் சுனாபட்டியில் தன் வீட்டில் உட்கார்ந்து ஆடுவாள், நான் சங்கத்தில். ஆன்லைன் போட்டி ஒன்றில் கடைசிச் சுற்று வரைக்கும் வந்துவிட்டோம். ஜெயித்தால் பெங்களூர் அணி ஒன்று இரண்டு பேரையும் ஒரு வருஷம் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ளும். ஆனால் போன சுற்றில், ஆட்டத்தின் நடுவில், என் மிஷின் சூடு தாங்காமல் அணைந்துவிட்டது. ஒரு தடவை மன்னிப்பு உண்டு. இன்னொரு தடவை அணைந்தால் அணியையே நீக்கிவிடுவார்கள்.

அணைந்ததற்குக் காரணம் கேபினட். அதாவது கம்ப்யூட்டரின் எல்லாப் பாகங்களையும் உள்ளே வைத்து மூடும் கூடு. என்னுடையது பழைய அலுவலக டப்பா. முன்னால் பின்னால் எங்கும் காற்று போக வழியில்லை. கிராபிக்ஸ் கார்டு தான் விட்ட சூட்டைத் தானே குடித்துக்கொண்டு கிடந்தது. முன்பக்கம் முழுக்கச் சல்லடை மாதிரி ஓட்டை போட்ட கேபினட் ஒன்றை லாமிங்டன் ரோட்டில் பார்த்து வைத்திருந்தேன். என் காசில் வாங்கி மாட்டப்போகிறேன் என்று ஒரு மரியாதைக்காகத்தான் செயலாளர் நாணு சாரிடம் சொன்னேன். இன்சூரன்ஸ் கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"உன் காசா? அதெப்படிம்மா?" என்றார். "உபயம் இல்லாத சாமானைச் சங்கத்துக்குள்ள வைக்க விதி கிடையாதே."

"இப்ப இருக்குற டப்பாவும் என்னோடதுதானே சார்?"

"அது அசிங்கமா இருந்தது. யார் கண்ணுலயும் படலை. நீ இப்ப கண்ணாடி வெச்சு, கலர் லைட் வெச்சுக் கொண்டுவரேங்கறே. அது தெரியும். தெரியறதுக்குப் பேர் வேணும்."

"உள்ள இருக்குற கார்டு, போர்டு எல்லாம்?"

நாணு சார் சிரித்தார். "உள்ளே இருக்கறதை யார் பாக்கப்போறா? அதுக்கு யார்ம்மா உபயம் தருவா? அது உன்னோடதாவே இருக்கட்டும்."

பெருந்தன்மையான மனுஷன். அடுத்த வாரமே 'கணினிப் புறக்கூடு தேர்வு உபகுழு' அமைக்கப்பட்டது.

உபகுழு கூடினால்தான் சங்கத்தில் ஏசி போடுவார்கள். என் மிஷின் வெந்து செத்த அறையில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்குக் குளிர்ந்தது. மேஜைமேல் இரண்டு கேபினட் வைத்தேன். ஒன்று சல்லடை முகம் வைத்தது, இன்னொன்று முன்பக்கம் கெட்டியான தகடு போட்டது. இரண்டாவதைக் கடைக்கார நிகில் "ஒப்பிட்டுக் காட்ட எடுத்துட்டுப் போ, இதை எந்தக் கிறுக்கனும் வாங்க மாட்டான்" என்று சொல்லித்தான் கொடுத்தனுப்பினான்.

தலைவர் விஜயலக்ஷ்மி அம்மாள், ஒரு காலேஜில் முதல்வராக இருந்தவர், சல்லடையை விரலால் தடவிப் பார்த்தார். "இவ்வளவு ஓட்டை இருக்கே, விலையைக் குறைக்கலையா?"

"மேடம், ஓட்டைக்காகத்தான் விலை. காத்து உள்ள போகணும்."

"காத்துக்குன்னு தனியா எதுக்கு ஓட்டை? ஹால்ல ஆறு ஃபேன் இருக்கு."

நாணு சார் ஒரு சோதனை செய்தார். பையிலிருந்து தங்க எழுத்து ஸ்டிக்கர் ஒன்றை எடுத்துச் சல்லடைமேல் ஒட்டினார். அது ஒரு நிமிஷம் நின்றது. அப்புறம் ஒரு ஓரம் எழும்பி, மெதுவாகக் கழன்று, தலைவரின் மடியில் விழுந்தது. அது தலைவரின் பேர்.

"ஓட்டையில பேர் ஒட்டாது" என்றார் நாணு சார். அந்த ஒரு வாக்கியம் அப்படியே தீர்மானமாக எழுதப்பட்டது.

அப்புறம் கெட்டித் தகட்டில் ஒட்டிப் பார்த்தார். கல்வெட்டு மாதிரி நின்றது. எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"மேடம், இதுல வச்சா அஞ்சு நிமிஷத்துல அணைஞ்சிரும். எனக்கு மேட்ச் இருக்கு" என்றேன்.

விஜயலக்ஷ்மி அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றினால் உரை என்று அர்த்தம்.

"இதோ பாரும்மா. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்துல க்ளாஸ்ல ஃபேனே கிடையாது. நாங்க அணைஞ்சா போனோம்? ஒரு பொருளோட பெருமை அது என்ன பண்றதுங்கறதுல இல்லை, யார் கொடுத்தாங்கறதுல இருக்கு. என் காலேஜ்ல ஒவ்வொரு பெஞ்சுலயும் பேர் இருந்தது. பசங்க படிச்சாளா, எனக்குத் தெரியாது. பெஞ்ச் இன்னிக்கும் இருக்கு."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். இல்லாவிட்டால் 'தாராவிப் பெண்ணுக்கு நன்றியில்லை' என்று அடுத்த மலரில் வரும்.

அடுத்த கூட்டத்தில் வெங்கடேஷ் மாமா வந்தார். வாஸ்து உறுப்பினர். கையில் திசைகாட்டி. அப்போது அந்தக் கெட்டித் தகடு டப்பாவின் பின்பக்கம் ஒரே ஒரு ஃபேனுக்கு ஓட்டை மிச்சமிருந்தது. நான் அதை நம்பித்தான் உயிரோடு இருந்தேன்.

"இதுலேர்ந்து சூடு எந்தப் பக்கம் போறது?"

"சுவர்ப் பக்கம். தெற்கு மாமா."

"தெற்கு எமனோட திசை. அங்க அனல் போகப்படாது."

"வடக்கே திருப்பிருதேன்."

"வடக்கு குபேரன். அவன் மூஞ்சில ஊதுவியா?"

"கிழக்கு?"

"கிழக்கே பிரசிடெண்ட் நாற்காலி."

"அப்ப மேற்கு."

"மேற்கே வாசல். வர்ற உபயதாரர் மேல அனல் அடிக்கும். நன்னா இருக்குமா?"

எந்தத் திசையிலும் காற்று போக வேண்டாம் என்று முடிவானது. ஓட்டையை அட்டை வைத்து அடைத்தார்கள். அட்டை சும்மா இருக்கக் கூடாதில்லையா, அதில் ஒரு பல் டாக்டரின் பேர் போட்டார்கள்.

"மேட்ச் எப்போ?" என்று கேட்டார் வெங்கடேஷ் மாமா.

"ஞாயித்துக்கிழமை அஞ்சு மணி."

"ராகு காலமாச்சே! மாத்தச் சொல்லு."

"சிங்கப்பூர்லருந்து நடத்துறாங்க மாமா. அங்க அப்ப ஏழரை."

"ஏழரைங்கறதை வாயால சொல்லாதே" என்று காதைப் பொத்திக்கொண்டார்.

பேர்கள் வர ஆரம்பித்தன. முன்தகடு தலைவருக்கு. மேலே காற்றுப் போகும் வரிக்கம்பிகள் மேல் ஒரு பித்தளைத் தகடு, நகைக்கடைக் குடும்பத்துக்கு. பக்கத்துக் கண்ணாடிக் கதவில் கல்யாண சமையல் கான்ட்ராக்டர், அவர் மச்சினர், இன்னும் எட்டு பேர். உள்ளே பார்க்கவே முடியாதபடி கண்ணாடி மூடிப்போயிற்று. எல்லாம் நிறைந்த பிறகு கரீம் பாட்சா வந்தார். தாராவியில் பை தைக்க ஆரம்பித்து இப்போது அந்தேரியில் மூன்று ஷோரூம் வைத்திருப்பவர். எல்லாரையும்விடப் பெரிய உபயம். ஒட்ட இடமில்லை. உபகுழு அவசரமாகக் கூடி அவருக்கு உள்பக்கம், அடித்தளத்தில், ஒரு தகடு என்று முடிவு செய்தது. "விசேஷ மரியாதை. திறந்தாத்தான் தெரியும். கர்ப்பகிரகம் மாதிரி" என்று நாணு சார் அவரிடம் சொன்னார். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "நம்ம மார்க்கத்துல கர்ப்பகிரகம் இல்லீங்களே. சரி, பரவால்ல, பேரு பெருசா இருக்கட்டும்" என்றார்.

வெள்ளிக்கிழமை மிஷினை அந்தக் கூட்டுக்குள் மாட்டி ஆடிப் பார்த்தேன். ஹெட்போனில் ஜோயா, "ஏட்டி, இந்த வாட்டி நல்லா ஓடுதாட்டி?" என்று கேட்டு முடிப்பதற்குள் திரை கருத்துப்போயிற்று. கதவைத் தொட்டேன். சமையல் கான்ட்ராக்டரின் பேர் சுட்டது.

நாணு சாரிடம் போய், "சார், ஒரே ஒரு தகட்டைக் கழட்டிக்கிறேன். ஞாயித்துக்கிழமை மட்டும். மேட்ச் முடிஞ்சதும் நானே ஒட்டிருதேன்" என்றேன். கெஞ்சினேன். இதை எழுதும்போதுகூட எனக்கு எரிகிறது.

"பேரைப் பிய்க்கறதா? ஞாயித்துக்கிழமை காலம்பற திறப்பு விழாம்மா! அணைஞ்சா அணையட்டுமே. விளையாட்டுதானே? நீ ஆடாட்டா யாருக்கு நஷ்டம்?"

அப்போதுதான் என் மண்டையில் ஏதோ ஒன்று அணைந்தது. சூட்டில் இல்லை.

வெளியே வந்து ஜோயாவுக்கு போன் போட்டேன். அவர்கள் வீடு ஒரே அறை, முன்னால் அவள் வாப்பா ஜமால் மாமாவின் பால் கடை. எங்கள் இரண்டு மிஷினும் கடையின் பெரிய ஃபிரிட்ஜும் சேர்ந்தால் லைன் தாங்காது. அதனால்தான் இத்தனை நாள் நான் அங்கே போகவில்லை.

ஜோயா வாப்பாவிடம் கேட்கும் சத்தம் போனில் வந்தது. ஜமால் மாமா போனைப் பிடுங்கினார். "ஃபிரிட்ஜை அமத்திருதேன் மவளே. நாலு மணிக்குள்ள பாலை வித்துருவேன். விக்காட்டி தயிராக்கிருவேன். நீ வா."

சனிக்கிழமை சாயங்காலம் சங்கத்தில் பஜனை நடந்துகொண்டிருந்தது. நான் மாடியில் திருகாணிகளைக் கழற்றினேன். மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை, எல்லாம் என்னுடையது; அவர்களே சொன்னதுதான். ஒவ்வொன்றாக ஸ்கூல் பையில் போட்டேன். கலர் லைட்டுக்கு மட்டும் உள்ளே ஒரு பவர் பேங்க் வைத்து, கதவை மூடினேன். வெளியே இருந்து பார்த்தால் வித்தியாசமே இல்லை. பேர் எல்லாம் ஜொலித்தது.

ஜோயா வீட்டில் பால் பாக்கெட் வரும் நீல நிற பிளாஸ்டிக் கிரேட் ஒன்றைக் கவிழ்த்து, அதற்குள் மதர்போர்டை கேபிள் டை போட்டுக் கட்டினோம். நாலு பக்கமும் ஓட்டை. ஒரு டேபிள் ஃபேனை எதிரே வைத்தோம். ஒரு மணி நேரம் ஓடவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. நான் அப்போதே நிறுத்தியிருக்கலாம். விழாவுக்குப் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஞாயிறு காலை. வாழைமரம், நாதஸ்வர ரெக்கார்டு, கேபினட்டுக்கு மாலை. இளைஞர் என்பதால் மைக் என் கையில். பின்னால் டிவியில் பென் டிரைவ் செருகி உபயதாரர் பேர்கள் ஓடிக்கொண்டிருந்தன. விஜயலக்ஷ்மி அம்மாள் ரிப்பன் வெட்டினார். விளக்கேற்றி, சந்தனம் தெளித்து, குங்குமம் வைத்தார்கள். எல்லாம் காலி டப்பாவுக்கு.

நாணு சார் மைக்கைப் பிடுங்கினார். "இந்தக் கம்ப்யூட்டரோட சத்தத்தைக் கேளுங்கோ." எல்லோரும் காது கொடுத்தார்கள். "கேக்கலையே? அதான் தரம்!"

வெங்கடேஷ் மாமா மேலே கை வைத்துப் பார்த்தார். "ஜில்லுனு இருக்கு! இந்தப் பொண்ணு என்னமோ சூடு சூடுன்னு உயிரை வாங்கினா. திசையைச் சரி பண்ணினேன், போயிடுத்து."

தலைவர் அரைமணி நேரம் பேசினார். கணினி யுகத்தில் சங்கம் எடுத்து வைத்த அடி, அதன் வேகத்தைத் தன்னால் உணர முடிகிறது என்றார்.

கடைசியில் கரீம் பாட்சா எழுந்தார். பேரன் ஒருவன் செல்போனோடு தயாராக நின்றான். "எங்க, தொறந்து காட்டும்மா. நம்ம பேரோட ஒரு போட்டோ எடுத்துக்கிடுவோம்."

இதற்காகத்தான் நான் வந்தேன். திருகாணியை ஒவ்வொன்றாக, மெதுவாகக் கழற்றினேன். கதவைத் திறந்தேன்.

உள்ளே ஒன்றுமில்லை. நாலு கலர் லைட்டும் ஒரு பவர் பேங்கும், தரையில் தங்க எழுத்தில் கரீம் பாட்சாவின் பேரும். நான் நாணு சாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாஷா அல்லாஹ்!" என்று கத்தினார் கரீம் பாட்சா. "ஒரு மறைப்பும் இல்லியே! வயரு கியரு எல்லாம் கெடந்து நம்ம பேரை மறைச்சிரும்னுல்ல நெனச்சேன்! பளிச்சுனு வச்சிருக்கீங்க சார்!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. நாணு சார் அடக்கமாகக் கும்பிட்டார். விஜயலக்ஷ்மி அம்மாள், "எளிமை. அதுதான் நம்ம சங்கத்தோட கொள்கை" என்றார்.

வெறும் டப்பாவைக் காட்டினால் வெட்கப்படுவார்கள் என்று நினைத்தேன். காலேஜ் முடித்திருந்தும் புத்தியில்லை. இவர்களுக்கு எது வலிக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். தலைவர் பேசி முடித்துத் திருப்பிக் கொடுத்த மைக் என்னிடம்தான் இருந்தது.

"உபயதாரர்கள் கவனத்துக்கு" என்றேன், ரயில்வே அறிவிப்பு மாதிரி. "உள்பக்கம் மிக விசாலமாக உள்ளது. தூசி படாது, வெயில் படாது, எழுத்து அழியாது. ஒரு பக்கம் மட்டுமே கொடுக்கப்பட்டிருக்கிறது. மற்ற பக்கங்கள் காலி. வெளியே பேர் போட்டவர்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை என்று தெரிகிறது."

முதலில் எழுந்தவர் பல் டாக்டர். "என் பேரைப் பின்னாடி அட்டையில, சுவத்தைப் பாக்க ஒட்டியிருக்கேள். உள்ளே இவ்வளவு எடமா?"

"பித்தளையில வாங்கிண்டு மேல வெச்சேளே, அதுல இப்பவே காக்கா எச்சம் மாதிரி சந்தனம்!" என்றார் நகைக்கடைக்காரர்.

"நாணு, நேத்து வந்தவருக்கு உள்ளே, இருபது வருஷமா சாப்பாடு போடறவனுக்கு வெளியேயா?" இது சமையல் கான்ட்ராக்டர்.

"நேத்து வந்தவரா? யாரு நேத்து வந்தவரு?" என்றார் கரீம் பாட்சா.

சமையல் கான்ட்ராக்டர் கேபினட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்தார், பல் டாக்டர் இன்னொரு பக்கத்தை. மாலை அறுந்தது. வெங்கடேஷ் மாமா நடுவில் புகுந்து, "வடக்கே இழுக்காதீங்கோ!" என்று கத்தினார். கண்ணாடிக் கதவு தரையில் விழுந்து கற்கண்டாக நொறுங்கியது. பத்து உபயதாரர் பேர்கள் தாள் தாளாக மிதிபட்டன. தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். யாரும் கேட்கத் தயாராயில்லை. நான் மைக்கை ஸ்டாண்டில் மாட்டிவிட்டுப் படியிறங்கினேன். வாசலில் சுண்டல் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன்.

சுனாபட்டியில் ஜமால் மாமா கடைசிப் பாக்கெட்டை விற்றுவிட்டு ஃபிரிட்ஜை அமத்தினார். ஐந்து மணிக்கு ஆட்டம் ஆரம்பித்தது. முதல் பாதியில் அடி வாங்கினோம். எப்போது கருக்கும் என்று நான் திரையையும் கிரேட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கிரேட்டைப் பாக்காத, ஆட்டத்தைப் பாருட்டி!" என்று ஜோயா என் தொடையில் கிள்ளினாள். "உனக்குப் பின்னால ஒருத்தன்! பீச்சே, பீச்சே!"

திரும்பிச் சுட்டேன். விழுந்தான். அவனுக்கு நாணு சார் முகம் இருந்தது. அடுத்தவனுக்கு வெங்கடேஷ் மாமா முகம். அதற்கப்புறம் எனக்குக் குறி தப்பவில்லை. கடைசி ஆள் விழுந்தபோது ஜோயா கத்திய கத்தில் தெருவில் பாதிப் பேர் கடைக்குள் வந்துவிட்டார்கள். கிரேட்டுக்கு எதிரே ஃபேன் ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. மிஷின் ஒரு தடவைகூட அணையவில்லை.

ஏழு மணிக்கு நாணு சார் போன்.

"அம்மா, ஒரு சின்ன விஷயம்." குரல் உடைந்திருந்தது. "அந்த உதவித்தொகை கம்பெனிக்காராளுக்கு யாரோ காலி டப்பா போட்டோ அனுப்பியிருக்கா. நாளைக்குக் காலம்பற நேர்ல வராளாம். கம்ப்யூட்டரை ஆன் பண்ணிக் காட்டணுமாம்."

"யாரோ இல்ல சார். நான்தான். நேத்து டப்பாவை மூடுறதுக்கு முன்னால எடுத்தது."

அப்புறம், "நடந்தது நடந்துபோச்சு. உள்ளே இருந்ததெல்லாம் ஒரு அரைமணி நேரம் கொண்டுவந்து வெச்சியானா போறும். நீ கேட்ட ஓட்டை டப்பாவே வாங்கிடலாம். இன்னிக்கே. பேர்கூட வேண்டாம்."

"மனு எழுதிக் கொடுங்க சார்" என்றேன்.

"என்னது?"

"ஜோயாவும் நானும் ஒரு உபகுழு. மனுவைப் பரிசீலிச்சு முடிவு சொல்லுவோம். அடுத்த மாசம் கூடுறோம்."

"அவா நாளைக்கு வராம்மா!"

"விதி அப்படி சார்."

அவர் பேசிக்கொண்டே இருந்தார். ஜமால் மாமா எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தார், விற்காமல் எடுத்து வைத்திருந்த ஒரு லிட்டர் பாலில். நான் போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தேன். டீ முடிகிறவரை எல்லோரும் கேட்டோம்.